பிலத்தர் எந்தத் திணை?

யாழ்ப்பாணம்.

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழில் பத்தொன்பது வாரங்களாக வெளிவந்துகொண்டிருக்கும் விண்வெளித் தொடர்கதை இன்னும் இரண்டு வாரங்களில் நிறைவடையும் என்று சென்ற வார அங்கத்தின் அடியில் அறிவித்திருந்தீர்கள். அந்த முடிவு அச்சேறுவதற்கு முன்னர் இக்கடிதம் தங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகத் தபாலை நம்பாமல் பழைய மாணவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்திற்குப் பத்திரிகை வந்ததும் கதைப் பக்கத்தை உருவி வைத்துக்கொள்கிறேன் என்று ஏனைய வாசகர்கள் என்மீது குறைபட்டுக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கதையில் எனக்கு ஈடுபாடு உண்டு. ஆகவே, இனி நான் எழுதப்போவதைக் கதையை வெறுத்தவன் எழுதியதாகக் கொள்ளவேண்டாம்.

தொடர்ந்து வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். செந்நிறச் சிறு விண்மீன் ஒன்றை மிக நெருங்கிச் சுற்றிவரும் கோளுக்குக் கதாசிரியர் 'அந்தி' என்று பெயரிட்டிருக்கிறார். சந்திரன் தன் ஒரு முகத்தையே பூமிக்குக் காட்டுவது போல, அந்தியும் தன் ஒரு முகத்தையே தன் சூரியனுக்குக் காட்டி நிற்கிறது. ஆகையால் ஒரு பாதியில் முடிவில்லாத பகல், மறுபாதியில் முடிவில்லாத இரவு, இரண்டுக்கும் நடுவே கோளின் இடையில் அரைஞாண் கட்டியது போன்ற ஒடுங்கிய பட்டை. உயிர்கள் வாழ்வது அந்தப் பட்டையில்தான். பகற்பக்கக் குன்றுகளில் மென்சிறகும் நீண்ட கழுத்தும் உடைய வெயிலர், இராப்பக்கத்து ஓரத்தில் நிலத்தைக் குடைந்து வாழும் பிலத்தர் என்று இரண்டு இனங்கள். இரண்டும் அந்தக் கோளிலேயே தோன்றியவை, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு ஒன்றோடொன்று போரிடுபவை. பூமியிலிருந்து போன வீரன் வெயிலரோடு சேர்ந்துகொள்கிறான். சென்ற வாரம், அவன் ஆக்கிக் கொடுத்த நச்சுப்புகை பிலத்தரின் குகைவாசல்கள் எல்லாவற்றுக்குள்ளும் செலுத்தப்படுகிறது. "ஒன்றுகூட மிஞ்சவில்லை" என்று அங்கம் முடிகிறது.

கோளுக்கு வைத்த பெயருக்காகவே ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். இத்தகைய கோள்கள் வெறுங்கற்பனை அல்ல. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனாகிய புரொக்சிமா சென்றோறி, ஏறத்தாழ 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு செங்குறுமீன். அதைச் சுற்றும் கோள் ஒன்று 2016இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கோளின் ஓராண்டு நமது 11 நாட்களுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற இன்னொரு செங்குறுமீனைப் பூமியளவான ஏழு கோள்கள் சுற்றுவது 2017இல் தெரியவந்தது. அவ்வேழும், நமது சூரியனிலிருந்து புதன் இருக்கும் தூரத்திலும் குறைந்த தூரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சுற்றுகின்றன. இவ்வளவு அண்மையில் சுற்றும் கோள்கள் காலப்போக்கில் விண்மீனின் ஈர்ப்புக்குக் கட்டுண்டு ஒரு முகத்தையே காட்டி நின்றுவிடும் என்றுதான் வானியலாளரும் எதிர்பார்க்கின்றனர். ஏழாம் அங்கத்தில் "மறுநாட் காலை வெயிலர் துயிலெழுந்தனர்" என்று எழுதியது கைத்தவறாக இருக்கலாம். அந்தியில் மறுநாளும் இல்லை, காலையும் இல்லை. வீரன் மூன்று வாரத்தில் அங்கு போய்ச் சேர்ந்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். 1977இல் புறப்பட்ட வோயேஜர்-1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் போனாலும், புரொக்சிமா இருக்கும் தூரத்தைக் கடப்பதற்கு 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அவ்வளவு காலம் காத்திருக்கும் பொறுமை எந்தப் பத்திரிகையின் வாசகருக்கும் இராது.

என் வழக்கு வேறு. வெயிலரும் பிலத்தரும் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள்? பத்தொன்பது வாரங்களில் இதற்குக் கிடைத்த விடை ஒரே ஒரு வசனம். மூன்றாம் அங்கத்தில், பிலத்தர் பிறவியிலேயே கொடியவை என்று வெயிலரின் மூதாட்டி ஒருத்தி சொல்கிறாள், வீரன் தலையாட்டுகிறான், ஆசிரியரும் கூடவே தலையாட்டிவிட்டார்.

காரணத்தை வேறெங்கும் தேடத் தேவையில்லை, அவர் படைத்த கோளிலேயே அது கிடக்கிறது. பகற்பக்கத்தின் நடுவில், சூரியன் உச்சியில் அசையாமல் நிற்கும் இடத்தில், காற்றுச் சூடாகி மேலெழும்; அந்த இடத்தை நிரப்ப இராப்பக்கத்துக் குளிர்காற்று நிலத்தையொட்டி ஓயாமல் வீசிவரும். மேலெழுந்த காற்று ஈரத்தையும் சுமந்துகொண்டு இராப்பக்கம் போய், அங்கே குளிர்ந்து, சுமந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டும். கொட்டியது பிறகு உருகாது, ஏனெனில் அங்கே ஒருபோதும் விடிவதில்லை. நாளடைவில் கோளின் நீரிற் பெரும்பகுதி இருட்டுக்குள் பனிப்பாளமாகப் பூட்டப்பட்டுவிடக்கூடும் என்பது, இத்தகைய கோள்களின் காலநிலையைக் கணினியில் ஆராய்வோர் உண்மையாகவே தலையை உடைத்துக்கொள்ளும் விடயம். அந்தப் பாளத்தின் ஓரம் நகர்ந்துவந்து அந்திப் பட்டையைத் தொடும் இடத்தில் மாத்திரமே அது உருகி ஓடும். அந்த ஓரத்தில் இருப்பவர்கள் பிலத்தர். வெளிச்சம் இருப்பதும், ஆகவே பயிர் விளைவதும் வெயிலரின் குன்றுகளில். தண்ணீர் ஒருவர் கையில், சோறு மற்றவர் கையில் என்று இவ்வளவு துலக்கமாகப் பிரிந்துகிடக்கும் ஒரு கோளை அமைத்துவிட்டு, போருக்குக் காரணம் பிறவிக்குணம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின்மேல் மிதந்துகிடக்கும் நன்னீரை நம்பி வாழ்பவர்கள் நாங்கள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனியாக எழுதப்படுவது ஏன் என்றும், இறைப்பு முறை தவறினால் அண்ணன் தம்பிக்குள் எத்தனை வருடம் பேச்சு நின்றுபோகும் என்றும், வேலியடைக்கும்போது கதியாலை, அதாவது வேலித்தடியை, ஒரு சாண் அரக்கிப் போட்டால் வழக்கு எத்தனை தலைமுறைக்குப் போகும் என்றும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பேர்சிவல் லோவெல் என்ற அமெரிக்க வானியலாளர், செவ்வாயின் துருவப்பனி உருகி வரும் நீரைக் கொண்டுபோக அங்குள்ளவர்கள் கோள் முழுவதும் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று நம்பினார். கோள் முழுவதற்கும் ஒரே வாய்க்கால் என்றால் அவர்கள் தமக்குள் போரிடாதவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். 1965இல் மரினர்-4 விண்கலம் எடுத்து அனுப்பிய படங்களில் கால்வாயும் இல்லை, வெட்டியவர்களும் இல்லை. ஆயினும் அயற்கோள் வாசிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் அவர் முதலில் கேட்டது தண்ணீர் எங்கே, யாரிடம் என்பதைத்தான்.

தண்ணீரைவிடச் செழிப்பான இன்னொரு காரணமும் கதைக்குள் இருக்கிறது. செங்குறுமீன்கள் சாதுவானவை அல்ல. புரொக்சிமா உட்பட அவற்றுட் பல, திடீர் திடீரெனச் சுடர்வெடிப்புகளை எறிகின்றன. அப்பொழுது எக்ஸ் கதிரும் புறஊதாக் கதிரும் பன்மடங்காகப் பெருகும். பதினோராம் அங்கத்தில் ஆசிரியரே ஒரு சுடர்வெடிப்பை மிக அழகாக விவரித்திருந்தார்: வானம் கத்தரிப்பூ நிறமாகி, வெயிலரின் சிறகு நுனிகள் கருகின. ஆனால் "குன்றின் நிழலில் ஒதுங்கினர்" என்று மூன்று சொற்களில் அதை முடித்துவிட்டார். குன்றின் நிழல் நேர்க்கதிரைத் தடுக்கும், வானத்தில் சிதறி வருவதைத் தடுக்காது. தலைக்குமேல் பத்தடி மண்ணும் கல்லும் இருந்தால் எல்லாவற்றையும் தடுக்கும். அப்படியானால் வானம் நிறம்மாறும் ஒவ்வொரு முறையும் வெயிலர் தங்கள் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பிலத்தரின் வாசலுக்குத்தானே ஓடவேண்டும்?

பதுங்குகுழி என்ற சொல்லுக்கு அகராதி பார்க்கத் தேவையில்லாத ஒரு தலைமுறை இன்னும் இங்கே பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறது. வேலிவழக்கால் முகம் பாராதிருந்த அயலவரோடு முழங்கால் முட்டக் குந்தியிருந்த இரவுகளும், யாருடைய பிள்ளை அழுதது, யாருடைய போத்தல் தண்ணீர் யாருக்குப் போனது என்பதும் எங்களுக்கு நினைவிருக்கின்றன. அந்தியின் போர் வரலாறு முழுவதும் அந்தக் குகைவாசலில் அல்லவா இருக்கிறது? எந்தத் தலைமுறையில் பிலத்தர் கதவைத் திறந்தார்கள், எந்தத் தலைமுறையில் திறக்க மறுத்தார்கள், திறந்தபோது என்ன விலை கேட்டார்கள், விலை கொடுக்க முடியாமல் வெளியில் நின்று கருகியவர்களின் பிள்ளைகள் என்ன சபதம் எடுத்தார்கள் என்று எழுதினால் பத்தொன்பது வாரமல்ல, பத்தொன்பது மாதம் எழுதலாம். இப்பொழுது அந்த வாசல்களில் எல்லாம் நச்சுப்புகை அடித்தாயிற்று. அடுத்த சுடர்வெடிப்புக்கு வெயிலர் எங்கே போவார்கள்? குகைகளைக் கைப்பற்றிக்கொண்டாலும், அவற்றுக்குள் காற்று எவ்வழி வந்து எவ்வழி போகும் என்று தெரிந்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. கதையின் முடிவில் வெயிலரும் அழிந்துபோவார்கள் என்று ஆசிரியர் திட்டமிட்டிருந்தால் நான் என் தொப்பியைக் கழற்றி வைக்கிறேன்; ஆனால் அடுத்த வாரத்துக்கான முன்னோட்டத்தில் 'வெற்றி விழா' என்று போட்டிருக்கிறது.

உயிரியல் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு இனங்கள் வேறுவேறாக இருப்பதே பகைக்குப் போதும் என்று ஆசிரியர் எண்ணியிருக்கிறார். மாமரத்தில் ஏறிக் கடிபட்டவர்கள் எல்லோரும் முசுறை அறிவார்கள். தம் புழுக்களின் பட்டிழையால் இலைகளைப் பொருத்திக் கூடுகட்டும் அவ்வெறும்புகள், பக்கத்துக் குடியைச் சேர்ந்த, தம்மை அச்சில் வார்த்தாற்போன்ற முசுறுகளோடுதான் எல்லையில் உக்கிரமாகப் பொருதுகின்றன. தன்சானியாவில் கொம்பே என்னும் இடத்தில் ஜேன் குட்ஆல் கவனித்துவந்த சிம்பன்சிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தபின், 1974 முதல் 1978 வரையான காலத்தில் ஒரு பிரிவு மறுபிரிவின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொன்றது. கொன்றவையும் கொல்லப்பட்டவையும் முன்னர் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தவை. முற்றிலும் வேறான இனங்களோ, ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடாமல் வாழக் கற்றுக்கொள்வதும் உண்டு. ரஷ்ய உயிரியலாளர் கௌஸே 1930களில் செய்த சோதனைகளில், ஒரே உணவுக்குப் போட்டியிட்ட, பரமீசியம் என்னும் ஒருகல நீருயிரியின் இரண்டு இனங்களில் ஒன்று அழிந்தது. ஆனால் மேல்நீரில் மேயும் ஓரினத்தையும் அடியில் மேயும் ஓரினத்தையும் ஒரே குழாயில் விட்டபோது இரண்டும் பிழைத்தன. வெயிலரும் பிலத்தரும் இந்த இரண்டாவது குழாய்க்காரர்கள். அவர்களைச் சண்டைக்கு இழுத்துவர ஆசிரியர் நிறையப் பாடுபட வேண்டும். நமது பூமியிலேயே நெடுங்காலம் ஒன்றுக்கு மேற்பட்ட மனித இனங்கள் இருந்தன. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன நியண்டதால் மனிதரின் மரபணுவில் சிறு பங்கு, ஆபிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்கள் எல்லோரிடமும் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில் இன்றும் இருப்பதை, 2010 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின; அவ்வாய்வுகளுக்குத் தலைமை தாங்கிய சுவாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. பகைவர் என்று நாம் படம் வரைந்து வைத்திருந்தவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிமாரில் சிலர் என்று தெரியவந்திருக்கிறது.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பிற் படிக்கும் என் பேத்தி சென்ற வார அங்கத்தை உரத்து வாசித்துக்கொண்டு போனவள், இடையில் நிறுத்தி, "அம்மப்பா, வெயிலர் 'வந்தார்கள்', பிலத்தர் ஏன் 'வந்தது'?" என்று கேட்டாள். பழைய அங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். பத்தொன்பது வாரத்திலும் ஒரு பிலத்தர்கூட உயர்திணை வினைமுற்றுப் பெறவில்லை. வெயிலர் பேசினர், பாடினர், மடிந்தனர். பிலத்தர் உறுமியது, ஊர்ந்தது, செத்தது. உறுமல் மட்டுமே மொழியாக உள்ளவர்கள் முந்நூறு மைல் சுரங்கம் எப்படி வெட்டினார்கள், படையை எப்படி வகுத்தார்கள், காவல் முறையை யார் யாருக்கு எப்படி மாற்றிக் கொடுத்தார்கள் என்பதை ஆசிரியர் யோசிக்கவில்லை. பாறைக்குள் வாழ்பவர்களுக்குப் பாறையையே தட்டிப் பேசும் ஒரு மொழி இருந்திருக்கலாம். வெளியில் நின்ற வெயிலருக்கு அது கேட்டிருக்காது, அவ்வளவுதான்.

நன்னூலில் பவணந்தி முனிவர் திணை பிரிக்கும்போது மக்களோடும் தேவரோடும் நிறுத்தவில்லை. நரகரையும் உயர்திணையில் வைத்தார். நரகத்தில் கிடப்பவனுக்கும் 'வந்தான்' உண்டு என்பது எங்கள் இலக்கணம். அப்படியிருக்க, நகரம் கட்டி வாழும் ஓரினம் நிலத்துக்குக் கீழே இருப்பதால் மட்டும் அஃறிணை ஆகிவிடுமா? ஆசிரியர் இதை வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பேனா அதன்பாட்டில் போயிருக்கிறது. பேனா அப்படித் தன்பாட்டில் போகும் இடங்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

இத்தனைக்கும் அவர் கந்தபுராண ஊரில் பிறந்தவர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராணக் கலாசாரம் என்று பெயர்சூட்டிய இந்த மண்ணில், ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் புராணபடனத்தை ஒருமுறையேனும் கேளாமல் வளர்ந்திருக்கமாட்டார். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்ற சூரபன்மனின் கதையைவிடப் பெரிய அயலுலகப் போர்க்கதை எந்த மொழியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே தேவரும் அசுரரும் காசிபருக்குப் பிறந்த வேறு வேறு தாய் மக்கள். அசுரர் அவையிலேயே சிங்கமுகன் எழுந்து நின்று, தேவரைச் சிறைவிட்டுவிடு என்று தமையனிடம் வாதாடுகிறான். தமையன் கேளாதபோது அந்தத் தமையனுக்காகவே போய்ப் போரில் மடிகிறான். இறுதிக்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்சவேண்டும் என்று மீனுருக் கொண்டு கடலுக்குள் மறைகிறான் சூரனின் மகன் இரணியன். கச்சியப்பர் முருகன் பக்கம் நின்று பாடியவர்தான். ஆனால் அவர் சூரன் வீட்டுக்குள்ளும் போய்வந்தவர். சூரன் கூட இறுதியில் இல்லாமற்போகவில்லை, பிளவுண்டு மயிலும் சேவலும் ஆனான். கந்தசட்டியில் சூரன்போர் பார்க்கப் போகும் பிள்ளைகள் யாருடைய ஆட்டத்தைப் பார்க்க முண்டியடிக்கிறார்கள் என்பதை ஆசிரியர் ஒருமுறை கோயில் வீதியில் நின்று பார்க்கலாம். பிலத்தரிடையே ஒரு சிங்கமுகன் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தில் பாதியை எழுதியிருக்கமாட்டேன்.

பூமியிலிருந்து போன வீரனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இறங்கி இரண்டு தரம் உறங்கி எழுந்ததும் யார் பக்கம் நியாயம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று மூன்று தடவை கடல் கடந்து வந்தவர்களின் கொடி ஏறிய கோட்டை நகரத்தில் இருந்துகொண்டு, புதிதாக வந்திறங்கியவன் ஒருவனிடம் தீர்ப்பை ஒப்படைக்கும் கதையை வாசிப்பது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

ஆசிரியர் இளைஞர் என்று கேள்விப்படுகிறேன். எழுதிய அங்கங்களைத் திரும்பப் பெறும்படி நான் கேட்கவில்லை. மிஞ்சியிருக்கும் இரண்டு அங்கங்களில் எந்தக் குகையிலாவது புகை போய்ச் சேராத ஒரு கிளைச் சுரங்கம் இருந்ததாக எழுத அவருக்கு முழு உரிமை உண்டு. முந்நூறு மைல் சுரங்கத்தில் அப்படி ஒன்று இல்லாமற் போனால்தான் அதிசயம். கதை பின்னர் நூலாக வருமானால், "ஒன்றுகூட மிஞ்சவில்லை" என்பதை "ஒருவர்கூட மிஞ்சவில்லை" என்று மாத்திரம் திருத்தி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 'வெற்றி விழா' என்ற தலைப்பை எழுதுவதா விடுவதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்திக் கோளின் காற்றோட்டத்தையும் பனிப்பாளத்தின் எல்லையையும் காட்டும் படம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அது அச்சிடுவதற்கல்ல, ஆசிரியரிடம் சேர்ப்பிப்பதற்கு. பகற்பக்கத்தைச் சிவப்பாகத் தீட்டியது பேத்தி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கொக்குவில்.